கணினிப் பக்கம்: பெயர்கள் அழிந்து போகவில்லை



சென்ற மாதப் பக்கத்தை வாசித்துவிட்டு மாதர் சங்கம் ஒன்றின் செயலாளர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவர்களது பழைய கணினி பழுதடைந்து விட்டது. வெளிநாட்டில் இருக்கும் ஊரவர் ஒருவர், தான் பாவித்த கணினி ஒன்றை அவர்களுக்கு அனுப்பியிருக்கிறார். அதில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ் இருக்கிறது. "எங்கட சுழற்சிக் கடன் கணக்கும் அங்கத்தவர் பட்டியலும் பென் ட்ரைவிலை இருக்கு. அதை இந்தக் கணினியிலை போட்டால் திறக்குமோ, இல்லாட்டி அழிஞ்சு போகுமோ? தொடவே பயமாக் கிடக்கு அக்கா" என்று எழுதியிருந்தார்.

இந்தப் பயம் எனக்கும் நன்றாகத் தெரியும். ஒரு தடவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர்களுக்கு, "அழிந்துவிட்டது" என்ற சொல் மற்றவர்களுக்குப் போல இலேசான சொல் அல்ல. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் படம் எல்லாவற்றையும் இடப்பெயர்வில் பறிகொடுத்தவர்கள் நாங்கள். மிச்சமாகச் சேர்த்தவற்றைக் கணினியில் வைத்திருக்கும்போது அதுவும் போய்விடுமோ என்று நெஞ்சு பதறுவது இயல்புதான். ஆகவே இம்மாதம், ஒரு வகைக் கணினியிலிருந்து இன்னொரு வகைக் கணினிக்குக் கோப்புகளைப் பத்திரமாகக் கொண்டு போவது எப்படி என்று பார்ப்போம். முதலில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அது 2013ஆம் ஆண்டு. எங்கள் சங்கத்துப் பெண்களின் வீடுகளில் காணாமற் போனவர்களின் பட்டியல் ஒன்றை நான் தயாரித்தேன். பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், கடைசியாகக் கண்ட இடம், கண்டவர் யார் என்று அறுபத்திரண்டு பேரின் விபரம். பட்டணத்தில் தட்டெழுத்துக் கடை ஒன்றிலிருந்த விண்டோஸ் கணினியில், பாமினி எழுத்துருவில், பல நாட்கள் இருந்து அடித்தேன். அதன் பிறகு எங்கள் சங்கத்துக்கே ஒரு கணினி கிடைத்தது. அது லினக்ஸ் கணினி. பட்டியலைக் கொண்டுவந்து அதில் போட்டேன்.

எங்கள் சங்கத்தில் ஓர் அம்மா இருந்தார். செவ்வாய்க்கிழமைகளில் கூட்டத்துக்கு வரும்போதெல்லாம், "என்ரை பிள்ளையின்ரை பெயரை ஒருக்காக் காட்டு பிள்ளை" என்று கேட்பார். நான் கடையில் எடுத்த அச்சுப் பிரதியைக் காட்டுவேன். விரலை வைத்து வாசிப்பார். பிறகு போய் இருப்பார். அன்றைக்குக் கணினி வந்த சந்தோசத்தில், "இஞ்சை வாங்கோ அம்மா, இனி இதிலையே பாக்கலாம்" என்று கூப்பிட்டுக் கோப்பைத் திறந்தேன்.

திரை முழுக்க ஆங்கில எழுத்துகள். இடைக்கிடை அரைப்புள்ளிகள். அர்த்தமே இல்லை. ஒரு பெயரும் இல்லை.

அம்மா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏன் பிள்ளை, அவனை இதிலையும் துலைச்சுப் போட்டியளோ?" என்று கேட்டார். எனக்கு வாய் திறக்க வரவில்லை.

அடுத்த நாள், தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தம்பி வந்து பார்த்தான். "ஒண்டும் அழியேல்லை அக்கா. உங்கட பட்டியல் அப்பிடியே இருக்கு. வாசிக்கிற கண்ணாடிதான் இல்லை" என்றான். தட்டெழுத்துக் கடைக் கணினியில் இருந்து பாமினி எழுத்துருக் கோப்பைப் பிரதி எடுத்து வந்து, எங்கள் கணினியில் இரண்டு தரம் சொடுக்கி நிறுவினான். கோப்பைத் திரும்பத் திறந்தபோது அறுபத்திரண்டு பெயர்களும் தமிழில் நின்றன. ஆளனுப்பி அம்மாவைக் கூப்பிட்டேன். வந்து இரண்டு தரம் வாசித்தார். "இனி இதைக் கவனமா வை" என்று மட்டும் சொன்னார்.

கவனமாக வைப்பது எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டாம் பாடம் உடனேயே வந்தது.

பட்டியலையும் படங்களையும் ஓர் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. தம்பி புதுப் பென் ட்ரைவ் ஒன்றை எங்கள் கணினியில் 'போமட்' செய்து தந்தான். அம்மாமார் கொண்டுவந்த படங்களை ஸ்கான் செய்து நேரே அதில் சேமித்தேன். கணினியில் பிரதி வைக்கவில்லை. அசல் படங்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தும் விட்டேன். கூலி வேலையை விட்டுவிட்டு வந்த மூன்று பெண்களோடு பஸ் ஏறி அந்த அலுவலகத்துக்குப் போனோம். அங்கு விண்டோஸ் கணினி. பென் ட்ரைவைச் செருகியதும் ஒரு செய்தி வந்தது: இதைப் பாவிப்பதற்கு முன் போமட் செய்ய வேண்டும், செய்யவா?

"உங்கட பென் ட்ரைவ் பழுதம்மா. போமட் பண்ணிவிடட்டோ?" என்று கேட்டபடி அங்கிருந்தவர் மவுசில் கை வைத்தார். "வேண்டாம் சேர், ஒண்டையும் அமத்தாதேங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எதனால் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பயத்தில் வந்த சத்தம். அந்தச் சத்தம்தான் படங்களைக் காப்பாற்றியது. வெறுங்கையோடு திரும்பி, வேறொரு நாள் சரியான பென் ட்ரைவில் கொண்டுபோய்க் கொடுத்தோம். மூன்று பேருடைய ஒருநாள் கூலியும் பஸ் காசும் வீண்.

அன்றைக்குப் பிறகு நான் விசாரித்தும் வாசித்தும் பிழைவிட்டும் அறிந்தவற்றைக் கீழே தருகிறேன். இப்போது இது இன்னும் அவசியம். விண்டோஸ் 10க்கு வழங்கிவந்த பொதுவான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11ஐ ஏற்காதவை. அவற்றை வீசாமல் இலவசமான லினக்ஸைப் போட்டுப் பாவிப்பவர்கள் உண்டு. ஆகவே எங்கள் கைக்கு வரும் கணினிகள் எல்லாம் ஒரே வகையாக இருக்கப் போவதில்லை.

1. பென் ட்ரைவ் ஒரு கொப்பி

விண்டோஸ், லினக்ஸ், அப்பிள் நிறுவனத்தின் மக் ஆகியவை கணினியை நடத்தும் வெவ்வேறு பணிசெயல் முறைமைகள். பிள்ளைகளின் ஒற்றை றூள் கொப்பியும் சதுர றூள் கொப்பியும் போல, இவை ஒவ்வொன்றும் சேமிப்புத் தட்டில் வெவ்வேறு விதமாகக் கோடு போடுகின்றன. போமட் செய்வது என்பது அந்தக் கோட்டைப் புதிதாகப் போடுவது. போடும்போது, முன்பு எங்கே என்ன எழுதியிருந்தது என்ற பொருளடக்கம் போய்விடும்.

விண்டோஸ் தன் தட்டுக்கு 'என்.ரி.எவ்.எஸ்.' என்ற முறையைப் பாவிக்கிறது. லினக்ஸ் பெரும்பாலும் 'ஈ.எக்ஸ்.ரி. 4'. லினக்ஸுக்கு விண்டோஸின் கோடு தெரியும், வாசிக்கும், எழுதும். விண்டோஸுக்கு லினக்ஸின் கோடு தெரியாது. தெரியாததைக் கண்டால் அது "பழுது" என்று நினைத்து போமட் செய்யவா என்று கேட்கும். எங்களுக்கு நடந்தது இதுதான். மக் கணினி விண்டோஸின் தட்டை வாசிக்கும், ஆனால் வேறு மென்பொருள் போடாமல் அதில் எழுதாது.

மூன்றுக்கும் பொதுவான கோடுகள் இரண்டு உண்டு. ஒன்று 'பாட் 32'. பழையது, எங்கும் திறக்கும். ஆனால் 4 ஜிகாபைற் அளவுக்கு மேற்பட்ட தனிக் கோப்பு அதில் அடங்காது. பட்டியலுக்கும் கடிதத்துக்கும் இது தாராளம். நீண்ட வீடியோவுக்குப் போதாது. மற்றது 'எக்ஸ்பாட்'. இதில் அந்த எல்லை இல்லை. மக் கணினிகள் 2010இலிருந்தும், லினக்ஸ் 2019இலிருந்து நேரடியாகவும் இதை ஏற்கின்றன. மிகப் பழைய லினக்ஸ் கணினியில் இதற்கென ஒரு சிறு மென்பொருளைச் சேர்க்க வேண்டிவரலாம்.

கடையில் வாங்கும் பென் ட்ரைவ் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒரு முறையில்தான் வரும். ஆகவே புதிதாக வாங்கியதை வீணாக போமட் செய்ய வேண்டாம். "போமட் செய்யவா?" என்று எந்தக் கணினி கேட்டாலும், கேட்பவர் எவ்வளவு பெரிய உத்தியோகத்தர் என்றாலும், "இல்லை" என்பதை அழுத்திவிட்டுப் பென் ட்ரைவைக் கழற்றி எடுங்கள். அதை எழுதிய கணினியிலேயே போட்டுப் பாருங்கள். அநேகமாக எல்லாம் அங்கே இருக்கும்.

2. பிடுங்க முன் விடைபெறுங்கள்

லினக்ஸில் பிரதி எடுக்கும்போது பச்சைக் கோடு ஓடி முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்போம். உண்மையில் கணினி சிலவற்றைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு ஆறுதலாகத்தான் பென் ட்ரைவில் எழுதும். அதற்குள் பிடுங்கினால், பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இராது. எனவே 'இஜெக்ற்' என்பதை அழுத்தி, "இனி எடுக்கலாம்" என்று காட்டிய பிறகே கழற்றுங்கள். விண்டோஸிலும் இதே பழக்கம் நல்லது. கழற்றியதை மீண்டும் ஒருமுறை செருகி, ஒரு கோப்பையாவது திறந்து பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

3. கோப்புக்குப் பெயர் வைத்தல்

முக்காற்புள்ளியில் எழுதிய நேரம், கேள்விக்குறி எல்லாம் எங்களுக்குப் பழக்கம். ஆனால் விண்டோஸ் ஒன்பது குறிகளைக் கோப்பின் பெயரில் ஏற்காது. முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக் குறி, இரட்டை மேற்கோள், இரு பக்கச் சாய்கோடுகள், நெடுங்கோடு, சிறிது பெரிது என்று காட்டும் இரு அம்புக் குறிகள் ஆகியவையே அவை. லினக்ஸ் இவற்றிற் பெரும்பாலானவற்றை ஏற்கும். ஆகவே லினக்ஸில் "கூட்டம் 10:30" என்று பெயர் வைத்த கோப்பு விண்டோஸுக்குப் போகும்போது தகராறு பண்ணும்.

இன்னொன்று: ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் லினக்ஸுக்கு வெவ்வேறு. 'லிஸ்ற்' என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கி ஒரு கோப்பும், சின்ன எழுத்தில் தொடங்கி இன்னொரு கோப்பும் அது வைத்திருக்கும். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. பிரதி எடுக்கும்போது ஒன்றின் மேல் ஒன்றை எழுதவா என்று கேட்கும். "ஓம்" என்றால் ஒன்று போய்விடும். எனவே சுருக்கமான பெயராக வைத்து, முன்னால் திகதியைப் போடுங்கள்: 2013-06-11 பட்டியல் என்பது போல. எது புதியது என்று தேடவும் இலகு.

4. கோப்பின் வகை

லினக்ஸ் கணினியில் பெரும்பாலும் 'லிப்ரே ஒபிஸ்' என்ற இலவச மென்பொருள் இருக்கும். அது வேர்ட் கோப்புகளையும் எக்ஸெல் கோப்புகளையும் திறக்கும். ஆனால் தான் சேமிக்கும்போது தன் சொந்த வகையில் சேமிக்கும். அலுவலகத்துக்குக் கொடுப்பதானால் 'சேவ் அஸ்' கொடுத்து வேர்ட் வகையைத் தெரிவு செய்யுங்கள். அத்தோடு பி.டி.எவ். பிரதி ஒன்றும் எடுத்து வையுங்கள். வேர்ட் பிரதி திருத்துவதற்கு, பி.டி.எவ். பிரதி வாசிப்பதற்கும் அச்சடிப்பதற்கும். பி.டி.எவ். கோப்பு எழுத்துருவையும் தன்னோடு கட்டிக்கொண்டு போவதால், பாமினி இல்லாத கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும். அன்றைக்கு எனக்கு இது தெரிந்திருந்தால் அந்த அம்மாவின் முகம் அப்படி மாறியிராது.

5. எழுத்து

பாமினியில் அடித்த கோப்புக்குள் உண்மையில் இருப்பது தமிழ் அல்ல, ஆங்கில எழுத்துகளே. 'அம்மா' என்று நாம் அடித்தால் கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் குற்று. பாமினி எழுத்துரு அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளது உள்ளபடி தெரிகிறது. தம்பி சொன்ன கண்ணாடி இதுதான்.

யூனிகோட் முறையில் தமிழ் எழுத்துகளுக்கென்றே உரிய எண்கள் உண்டு. அதனால் விண்டோஸ், லினக்ஸ், மக், கைத்தொலைபேசி எல்லாவற்றிலும் தமிழ் தெரியும். புதிதாக அடிப்பவற்றை யூனிகோட்டிலேயே அடியுங்கள். பாமினி விசைப்பலகைக்கே கை பழகியவர்கள் அதே விசைகளால் யூனிகோட்டில் அடிக்கவும் மென்பொருள் உண்டு.

பழைய பாமினிக் கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றும் இலவச மென்பொருள்களும் உள்ளன. ஆனால் மாற்றிய பிறகு வரிவரியாகச் சரிபாருங்கள். எங்கள் பட்டியலை மாற்றியபோது அடையாள அட்டை இலக்கங்கள் எல்லாம் 'ஏ' என்ற எழுத்தில் முடிந்தன. காரணம், பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களுக்குப் பின் வரும் 'வீ' என்ற பெரிய ஆங்கில எழுத்து, பாமினியில் 'ஏ' ஆகும். மாற்றிக்கு அது ஆங்கிலம் என்று தெரியாது. அறுபத்திரண்டையும் கையால் திருத்தினோம். திருத்தாமல் கொடுத்திருந்தால், இலக்கம் பிழை என்று எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்களோ! மாற்றி முடிந்தாலும் பழைய கோப்பை அழிக்க வேண்டாம்.

6. வெளிநாட்டுப் படங்கள்

கனடாவில், லண்டனில் இருக்கும் உறவுகளிடம்தான் எங்கள் பலரது பழைய குடும்பப் படங்கள் மிஞ்சியிருக்கின்றன. அவர்கள் அவற்றை ஐபோனில் படம் பிடித்து அனுப்பும்போது சில கணினிகளில் திறப்பதில்லை. 2017இலிருந்து ஐபோன்கள் 'எச்.ஈ.ஐ.சி.' என்ற வகையில் படத்தைச் சேமிப்பதே காரணம். "ஜேபெக் வகையாக அனுப்புங்கோ" என்று கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். மக் கணினியில் இருந்து வந்த பென் ட்ரைவில், படத்தின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் கீழ்க்கோடும் போட்ட சின்னக் கோப்புகள் கிடக்கும். அவை திறக்காது. படம் பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். உண்மைப் படம் பக்கத்திலேயே இருக்கும்.

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கித் தெளிவைக் குறைத்துவிடும். 'டொக்கியுமென்ற்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது உள்ளபடியே வரும்.

7. வைரசும் இரகசியமும்

கடைக் கணினியில் செருகிய பென் ட்ரைவில் கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிகளாக மாறிக் கிடப்பதைச் சிலர் கண்டிருப்பீர்கள். அது ஒருவகை வைரஸ். உங்கள் கோப்புகளை அது ஒளித்து வைத்திருக்கும். அவற்றைச் சொடுக்காதீர்கள். பென் ட்ரைவை லினக்ஸ் கணினியில் போட்டுப் பாருங்கள். விண்டோஸில் ஒளித்தவை பெரும்பாலும் லினக்ஸில் வெளியே தெரியும். வேண்டியவற்றை மட்டும் பிரதி எடுத்துவிட்டுப் பென் ட்ரைவைச் சுத்தம் செய்யலாம். பிரதி எடுத்த பிறகு, கவனியுங்கள், முன்பு அல்ல.

பெயர்ப் பட்டியல், அடையாள அட்டை இலக்கம், பெண்களின் விலாசம் போன்றவற்றைக் கண்டபடி இணையத்தளங்களில் ஒட்டி மாற்ற வேண்டாம். கடைக் கணினியில் பிரதியை விட்டுவிட்டு வர வேண்டாம். அவை எங்களுடையவை மாத்திரம் அல்ல. எங்களை நம்பித் தந்தவர்களுடையவை.

கடிதம் எழுதிய சகோதரிக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் பென் ட்ரைவை லினக்ஸ் கணினியில் துணிந்து போடுங்கள். திறக்கும். முதல் வேலையாக எல்லாவற்றையும் கணினிக்குப் பிரதி எடுங்கள். எழுத்து ஆங்கிலமாகத் தெரிந்தால் பதறாமல் பாமினியை நிறுவுங்கள். எதையும் அழிக்காதீர்கள், எதையும் போமட் செய்யாதீர்கள். ஒரு பிரதி கணினியில், ஒரு பிரதி பென் ட்ரைவில், ஓர் அச்சுப் பிரதி சங்கத்துப் பெட்டியில் என்று மூன்று இடத்தில் வையுங்கள்.

எங்கள் பட்டியல் இதுவரை நான்கு கணினிகள் மாறிவிட்டது. சென்ற மாதமும் புதுக் கணினி ஒன்றுக்கு மாற்றினேன். அந்த அம்மா 2019இல் காலமாகிவிட்டார். மகனைப் பற்றி ஒரு செய்தியும் வராமலே போனார். இருந்தாலும் எந்தக் கணினிக்கு மாற்றினாலும் நான் முதலில் திறந்து பார்ப்பது அவருடைய மகனின் வரியைத்தான். பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், கடைசியாகக் கண்ட இடம். சென்ற மாதமும் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன.

அடுத்த மாதம், இப்படியான கோப்புகளுக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைப்பது எப்படி என்று பார்ப்போம். உங்கள் கேள்விகளை எழுதி அனுப்புங்கள். "இது சின்ன விசயம், கேட்டால் சிரிப்பினமோ" என்று யாரும் யோசிக்க வேண்டாம். நான் கேட்டுக் கேட்டுத்தான் படித்தேன்.